'வேண்டாம்' படம் எங்கே?

தைப்பூசத்தன்று பினாங்கில் தண்ணீர்மலைக்குப் போகிற வழியில், ஒரு தண்ணீர்ப் பந்தல் ஓரம், என் மகன் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'போதும்' படத்தைத் தட்டினான். உறுமி மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. மூன்றாவது தடவை அட்டையையே தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். சரி என்று காருக்குத் திரும்பிவிட்டோம். முந்தின வருடம் அதே இடத்தில் தரையில் விழுந்து புரண்டான், பக்கத்தில் நின்ற ஓர் அக்கா, "பிள்ளைக்குச் சாமி வந்திருச்சுபோல" என்று திருநீறு பூசிவிட்டார்.

வயது ஆறு. வாய் திறந்து சொல்வது நாலைந்து சொல்தான், மற்றதையெல்லாம் அந்த அட்டையில் இருக்கிற படங்களைத் தட்டித்தான் சொல்வான். "படத்தக் காட்டியே பழக்கினா அப்புறம் பேசவே மாட்டான்ப்பா" என்று அத்தை சொன்னதை நம்பி ஒன்றரை வருடத்தை நான் வீணாக்கினேன். 2006-இல் மில்லர், லைட், ஷ்லோசர் என்ற மூவர் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் உறுதியான 6 ஆய்வுகளில் இருந்த 27 பேரில், படமோ சைகையோ பழகியதால் பேச்சு குறைந்தவர் ஒருவர்கூட இல்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருக்கிறது. அத்தையிடம் இதைச் சொன்னேன், "என்னமோ போ" என்றார்.

என் சண்டை அத்தையோடு இல்லை, அட்டையோடு. முதலில் எங்களுக்குக் கிடைத்த அட்டையில் 12 படம், அத்தனையும் தின்பதும் குடிப்பதும். 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய, பேச்சு வராத பிள்ளைகளைப் படத்தால் பேசப் பழக்கும் பெக்ஸ் (PECS) முறையில் படத்தைக் கொடுத்துப் பொருளை வாங்குவதுதான் முதல் படி. ஆரம்பத்துக்கு நல்லதுதான், ஆனால் நம்மில் பலர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறோம். மைலோ கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு 'நிறுத்து', 'வலிக்குது', 'வேண்டாம்' என்று சொல்ல வழியில்லை என்றால் அவன் கடிக்காமல் வேறென்ன செய்வான்?

அப்புறம் மொழி. அந்த அட்டையில் 'ஐ வாண்ட்' முதலில், பொருள் பின்னால். எங்கள் வீட்டிலோ "மைலோ வேணும்". அவன் மைலோவை முதலில் ஒட்டிவிட்டு முழிப்பான், 'தப்பு' என்று திருத்துவார்கள். கத்தரிக்கோல் எடுத்து 'வேணும்' படத்தைக் கடைசிக்கு மாற்றினேன், அவ்வளவுதான். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றும் ஒருவர் சொன்னார்; அதைக் கேட்டு ஒரு மாதம் பாட்டி பேரனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பாட்டிக்கு ஆங்கிலம் எங்கே தெரியும்? படத்தைத் தட்டினால் பேசுகிற, சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழ் உண்டு, ஆனால் 'தாப்பாவ்' (பார்சல்), 'ரொட்டி சானாய்' (பரோட்டா) எல்லாம் நாம்தான் படம் எடுத்துச் சேர்க்கவேண்டும்.

இன்னொன்று, அட்டையைப் பரீட்சைத் தாள் மாதிரி நீட்டி "இது என்ன, காட்டு" என்று கேட்காதீர்கள். கைக்குழந்தை நாம் பேசுவதை ஒரு வருடம் கேட்ட பிறகுதான் ஒரு சொல் சொல்கிறது. படத்தால் பேசுகிற ஆளை இவன் எங்கே பார்த்தான்? பினாங்குப் பாலத்தில் ஜாமில் மாட்டினால் நானே 'கோபம்' படத்தைத் தட்டுகிறேன். ரொம்பத் தேய்ந்துபோன படம் அதுதான்.

போன மாதம் வகுப்பில் ஓயாமல் 'வீடு' தட்டுகிறான் என்று அட்டையைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துவிட்டார்கள். வாயாடிப் பிள்ளைக்கு வாயில் டேப் ஒட்டுவார்களா? போய்க் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

நேற்று இரவு பாட்டி 'சாப்பிடு' படத்தைக் காட்டி முருங்கைக்கீரையை நீட்டினார். இவன் 'வேண்டாம்'. பாட்டி மறுபடி 'சாப்பிடு'. இவன் 'வேண்டாம்', 'வேண்டாம்', 'பாட்டி', 'போ'.