ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபில்டரும் மாற வேண்டும்
கார் இன்ஜின் ஆயில் மாற்றுவது பற்றிய கட்டுரையில், இரண்டு முறை ஆயில் மாற்றினால் ஒரு முறை ஃபில்டர் (ஆயிலில் உள்ள அழுக்கை வடிகட்டும் பாகம்) மாற்றினால் போதும் என்று இருப்பது சரியல்ல. பழைய ஃபில்டருக்குள் கால் லிட்டர் அளவுக்குக் கறுத்த ஆயில் தங்கிவிடும். புதிதாக ஊற்றும் 3 லிட்டரோடு அது கலந்துவிடும். அதைவிட மோசம், ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு (ஆயிலை ஃபில்டருக்குள் போகாமல் மாற்றுவழியில் விடும் வால்வு) திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக இன்ஜினின் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளுக்குப் போகும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இதைச் செய்யாதீர்கள். 10,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் போதும் என்ற கணக்கும் எல்லோருக்கும் பொருந்தாது. தினமும் 3, 4 கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடேறாது, பெட்ரோலும் நீராவியும் ஆயிலிலேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவதே நல்லது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் புது ஃபில்டரில் ஆயில் கசிவதாகக் கேட்டிருக்கிறார்: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். புது வளையத்தில் ஆயில் தடவி, அது இன்ஜினைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும், ஸ்பேனர் வேண்டாம். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போடுங்கள்.