இது எந்த ஊர்க் காய்?

போன வைகாசியில் தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள்தான் பலகாரம் சுட்டோம். மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம், எல்லாம் வழக்கமான கணக்கு. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பெண் வீட்டு ஆச்சி கூப்பிட்டு, தாம்பூலப் பையில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாக்லேட்டும் வைத்துவிடு என்றார்கள். 600 சாக்லேட். சரி என்று சொல்லி, மொத்த வியாபாரியிடம் கட்டியாக வாங்கி உருக்கி அச்சில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன்.

வேலை முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் மனசு உறுத்தியது. என் அடுப்படிக்குள் வரும் எந்தச் சாமானையும் ஊர் தெரியாமல் நான் வாங்கியதில்லை. கவுனி அரிசி தருகிறவர் வீட்டு விசேஷத்துக்கே போய் வந்திருக்கிறேன். எண்ணெய் எந்தச் செக்கு, வெல்லம் யார் காய்ச்சியது என்று அப்பத்தா கேட்டுத்தான் வாங்குவார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. சாக்லேட்டுக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவே தோன்றவில்லை. மறுநாள் வியாபாரிக்குப் போன் போட்டு, "இது எந்த ஊர்க் காய்?" என்று கேட்டேன். "ஆச்சி, பாக்கெட்டுல என்ன போட்டிருக்கோ அதுதான் எனக்கும் தெரியும்" என்றார். பாக்கெட்டில் தயாரித்த ஊர் இருந்தது. விளைந்த ஊர் இல்லை.

நம் பக்கத்துச் செம்மண்ணுக்கும் சித்திரையில் வற்றிப்போகும் கண்மாய்த் தண்ணீருக்கும் சாக்லேட்டுக்கு மூலமான கோகோ சரிப்படாது. அதற்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் ஆனைமலை அருகே ஒரு தென்னந்தோப்புக்குப் போனேன். அங்கே தென்னைக்கு நடுவில் ஊடுபயிராகத்தான் கோகோ வைக்கிறார்கள். அடிமரத்திலேயே பூ பூத்து, அடிமரத்திலேயே காய் தொங்குகிறது, நம் பலா மாதிரி. காயை உடைத்தால் வெள்ளைச் சதைக்குள் முப்பது நாற்பது கொட்டை. அந்தச் சதையைச் சப்பிப் பார்த்தேன், சீத்தாப்பழத்தில் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருந்தது.

அந்தக் கொட்டையைப் பெட்டியில் போட்டு வாழை இலையால் மூடி ஐந்தாறு நாள் நொதிக்க விடுகிறார்கள். இடையில் கிளறி விட வேண்டும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள் என்றார் தோப்புக்காரர், சுட்டது. இந்தச் சூடு ஏறாவிட்டால் எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் மணம் வராது. அப்புறம் வெயிலில் உலர்த்துகிறார்கள். மூன்று கிலோ பச்சைக் கொட்டை காய்ந்தால் ஒரு கிலோ. அணிலும் எலியும் கடித்துப்போட்ட காய்கள் மரத்தடியில் ஏராளமாகக் கிடந்தன. அதிரசத்துக்கு மாவு புளிக்க வைக்கிற பக்குவம் எனக்குத் தெரியும். அதைவிட நுணுக்கமான வேலை இது. இவ்வளவும் விவசாயியின் கையில்தான் நடக்கிறது. நான் மொத்தக் கடையில் வாங்கிய கட்டியில் இந்த உழைப்புக்கு எவ்வளவு போயிருக்கும்?

தோப்புக்காரரிடம் விலையைப் பற்றிக் கேட்டேன். 2024 கோடையில் காய்ந்த கொட்டை கிலோ 1,000 ரூபாயைத் தொட்டது, தேடி வந்து வாங்கினார்கள் என்றார். அடுத்த வருடமே சரிந்துவிட்டது. "அம்மணி, ஏறினப்ப வாசல்ல வண்டி நின்னுதுங்க. எறங்கினப்பறம் நாம போன் போட்டா எடுக்கறதில்லீங்க." வெள்ளை ஈயும் வாடல் நோயும் வந்து தென்னையில் வருமானம் குறைந்த தோப்பு அது. கோகோதான் கை கொடுக்கும் என்று நம்பியவர். அதே 2025-ல் ஆந்திராவில் ஏலூர்ப் பக்கத்து விவசாயிகள் விலைக்காகத் தெருவில் இறங்கினார்கள். கம்பெனிகள் கொடுப்பதற்கு மேல் கிலோவுக்கு 50 ரூபாய் அரசாங்கம் போட்டு, 500 ரூபாய் கிடைக்கச் செய்ய வேண்டி வந்தது.

திரும்பி வந்ததும் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். உலகத்துக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளில் விளைகிறது. அங்கே ஒவ்வொரு பருவத்துக்கும் விவசாயிக்கு என்ன விலை என்பதை அரசே முடிவு செய்கிறது. 2024 அக்டோபரில் ஐவரி கோஸ்டில் கிலோவுக்கு 1,800 சி.எஃப்.ஏ. பிராங்க் (அந்த நாட்டுப் பணம்), அதாவது சுமார் 3 டாலர். இரண்டு மாதம் கழித்து நியூயார்க் சந்தையில் அதே கோகோ கிலோ 12 டாலருக்கு மேல். விளைச்சலை அரசு முன்கூட்டியே பழைய விலைக்கு விற்று முடித்திருந்ததால், அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி அந்த மக்களுக்கு வந்து சேரவில்லை. நோயும் மழையும் மரத்தை அழித்து விளைச்சல் குறைந்ததால் ஏறிய விலை அது. மரம் இழந்தவனுக்குக் கொஞ்சம், மற்றவர்களுக்கு மிச்சம். இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குழந்தைகள் விஷயம் இன்னும் கொடுமை. 2001-ல் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் ஹார்கின்–எங்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, கோகோத் தோட்டங்களில் குழந்தைகள் படும் மோசமான பாட்டை ஒழிப்பதாகச் சொன்னார்கள். 2005 என்ற கெடு 2008 ஆனது, 2010 ஆனது, அப்புறம் 2020 ஆனது. அந்த 2020-ல் சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி, அந்த இரண்டு நாட்டிலும் கோகோ வேலையில் இருந்த குழந்தைத் தொழிலாளர்கள் 15.6 லட்சம். பெரும்பாலும் சொந்த வீட்டுத் தோட்டத்தில், அரிவாளோடு. எந்தத் தகப்பனும் ஆசைப்பட்டுப் பிள்ளையின் கையில் அரிவாளைக் கொடுப்பதில்லை. ஆளுக்குக் கூலி கொடுக்க முடிந்தால் ஆளை வைத்துக்கொள்வான். அதனால்தான் சொல்கிறேன்: பள்ளிக்கூடம் கட்டித் தருகிறோம், மரக்கன்று தருகிறோம் என்று நிறுவனங்கள் போடும் படங்களை நான் குறை சொல்லவில்லை, செய்யட்டும். ஆனால் முதலில் காய்க்கு விலை கொடுங்கள். விலை கொடுத்தால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அவர்களே அனுப்புவார்கள்.

இது நமக்கு எதற்கு என்று நம் செட்டிநாட்டு ஊர்களில் யாரும் கேட்க முடியாது. எங்கள் வீட்டு முகப்புத் தூண் பர்மாத் தேக்கு. என் பாட்டையா, வட்டிக் கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையனாக, ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவர். மொகல் தெருவில் நம்மவர்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் கிடந்து, அடுத்தாளாகி (உதவியாளர்), மேலாளாகி (கடைப் பொறுப்பாளர்) வந்தவர். அவர் பட்ட கஷ்டத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர் சம்பாதித்த பணம் பர்மாவின் ஐராவதி டெல்டாவில் நெல் போட்டவனுக்குக் கொடுத்த கடனில் வந்தது. 1930-ல் உலகச் சந்தையில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த நம் செட்டியார்களின் நிலம் 1937-க்குள் 25 சதவீதமானது. அவர்களும் நிலத்தை ஆசைப்பட்டு வாங்கவில்லை, பணத்துக்குப் பதிலாக வந்தது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். அடுத்த சில வருடங்களில் ஜப்பான் சண்டை வந்து பலர் வெறுங்கையோடு நடந்தே ஊர் திரும்பியதும் உண்மைதான். ஆனால் எங்கோ ஒரு சந்தையில் விலை விழுந்தால் வயலில் நிற்பவனுக்கு என்ன ஆகும் என்று இந்தியாவிலேயே நம் ஊருக்குத் தெரிந்த அளவு வேறு எந்த ஊருக்கும் தெரியாது. நம் வீட்டுப் பழைய கணக்கேடுகளில் அது எழுதிக் கிடக்கிறது.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தோப்புக்காரரிடமும், அவர் கொட்டையை வாங்கிச் சாக்லேட் செய்யும் பக்கத்து ஊர்ப் பெண்கள் இருவரிடமும் பேசினேன். வருடத்துக்கு 40 கிலோ காய்ந்த கொட்டைக்கான சாக்லேட் எனக்கு. கொட்டை விலை கிலோ 450 ரூபாய்க்குக் கீழே எப்போதும் போகாது. சந்தை அதற்கு மேல் ஏறினால் அந்தச் சந்தை விலை. பாதிப் பணம் முன்னாலேயே. 40 கிலோவில் அவர் வாழ்க்கை மாறிவிடாது, எனக்குத் தெரியும். இங்கே பலகாரம் சுடுகிறவர்கள் இருபது பேர் சேர்ந்தால் அவர் தோப்பைத் தாண்டிப் பக்கத்துத் தோப்புக்கும் போகலாம். கல்யாண வீட்டுக்காரர்கள் ஒரு சாக்லேட்டுக்கு 7 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதுவரை மூன்று வீட்டில் கேட்டேன். இரண்டு வீட்டில் சரி என்றார்கள். மூன்றாவது வீட்டில் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்குச் சாக்லேட்டுக்குப் பதில் கந்தரப்பம் போட்டுக் கொடுத்தேன்.

வரும் வைகாசி முகூர்த்தங்களுக்கு வேண்டியவர்கள் கார்த்திகைக்குள் சொல்லிவிடுங்கள். பிஞ்சு காயாகிப் பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். அது மரத்தில் இருக்கும்போதே பணம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.