மிலானில் டிக்கெட் எடுக்காமலும் பார்க்கலாம்

மிலான் மரச்சாமான் கண்காட்சி வணிகர்களுக்குத்தான், மற்றவர்கள் போவது வீண் என்கிறது ஒரு கட்டுரை. பாதி சரி. 1961-இல் தொடங்கிய இந்தக் கண்காட்சி, சலோனே தெல் மொபிலே, நகருக்கு வெளியே ரோ என்ற ஊரில் நடக்கிறது. பொதுமக்களுக்கு வார இறுதிதான். ஆனால் கண்காட்சி நடக்கும் அந்த ஏப்ரல் வாரத்தின் ருசியே மிலான் ஊருக்குள் இருக்கிறது. பிரேரா பகுதியில் பழைய மாளிகை முற்றங்கள், தொர்த்தோனா பகுதியில் முன்னாள் தொழிற்கூடங்கள் என எங்கும் வடிவமைப்புக் காட்சிகள். பெரும்பாலும் கட்டணம் இல்லை, சில இடங்களில் முன்பதிவு மட்டும் கேட்பார்கள். வரிசைதான் கொடுமை! நான் காலையிலேயே போய்த் தப்பித்தேன். அப்புறம், விளக்குகளில் ஆர்வம் இருந்தால் ஒற்றைப்படை ஆண்டில் போங்கள், சலோனேயின் விளக்குக் கண்காட்சியான யூரோலூச்சே அப்போதுதான். ரோவுக்கு மெட்ரோ உண்டு, ஆனால் சாதாரண நகர டிக்கெட் அங்கே செல்லாது.