ஓடும்போது வாட்ச் எடுப்பது ஈசிஜி இல்லை
"ஸ்மார்ட்வாட்ச்சில் ஈசிஜி (இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் சோதனை) இருக்கிறது, அதனால் ஓடும்போது காட்டும் இதயத்துடிப்பும் ஆஸ்பத்திரி அளவுக்குத் துல்லியம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது தவறு. 2018-ல் ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4-ல் வந்த ஈசிஜி, அசையாமல் உட்கார்ந்து மறு கை விரலை வாட்ச்சின் திருகில் 30 விநாடி வைத்தால்தான் பதிவாகும். ஓட்டத்தில் நடப்பது வேறு: பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி, அங்கே ரத்தம் கூடிக் குறைவதை வைத்து வாட்ச் துடிப்பைக் கணக்கிடுகிறது. கை ஆடினால் கணக்கும் ஆடும். சில நேரம் நிமிடத்துக்கு 170 என்று ஓடும் உங்கள் காலடி எண்ணிக்கையையே துடிப்பு என்று காட்டிவிடும் (வேடிக்கைதான், ஆனால் நடக்கிறது). டம்பெல் தூக்கும்போதும் திடீரென வேகம் கூட்டும்போதும் பிழை அதிகம். ஓய்விலும் சீரான நடையிலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். துல்லியம் வேண்டுமென்றால் நெஞ்சுப் பட்டை (மார்பில் கட்டிக்கொள்ளும் துடிப்புமானி) வாங்குங்கள், அது இதயத்தின் மின்துடிப்பையே படிக்கிறது.