முதல் பக்கம் ஏன் திறக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள்

இணையப் பக்கம் உருவாக்கக் கற்பது பற்றிய உங்கள் கட்டுரை, முதலில் எச்டிஎம்எல் (பக்கத்தைக் குறிகளால் கட்டும் மொழி), பிறகு சிஎஸ்எஸ் (தோற்றத்துக்கு), அதன்பின் ஜாவாஸ்கிரிப்ட் (இயக்கத்துக்கு) என்று சொல்லும் வரிசையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புதியவர் தடுக்கி விழும் இடங்கள் அந்த வரிசையில் வருவதே இல்லை. நான் எழுதிய முதல் பக்கம், உலாவியில் நான் தட்டச்சு செய்த குறிகளாகவே அப்படியே தெரிந்தது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நிரலில் ஒரு பிழையும் இல்லை; கோப்புப் பெயரின் வாலில், வெறும் உரைக்கோப்பைக் குறிக்கும் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொண்டிருந்தது. கணினி அந்தப் பின்னொட்டை மறைத்துவைத்திருந்ததால் கண்ணில் படவில்லை. நான் படித்த எந்தப் பாடத்திலும் இதற்கு ஒரு வரிகூட இல்லை!

அடுத்தது தமிழ் எழுத்து. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை, அதாவது குறியாக்கம், யூடிஎஃப்-8 என்று உலாவிக்கு அறிவிக்கும் மெட்டா வரியை விட்டுவிட்டால், பக்கம் புரியாத குறியீடுகளாகச் சிதறக்கூடும். அந்த வரி கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. கோப்பையும் அதே குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும்.

பழைய பாடங்கள் குறித்தும் எச்சரித்திருக்கலாம். எழுத்துருவை மாற்றும் ‘ஃபாண்ட்’, நடுவில் நிறுத்தும் ‘சென்டர்’ குறிகளைக் கற்றுத்தரும் பக்கங்கள் இன்னும் உலவுகின்றன. அவை எச்டிஎம்எல் 5இல் கைவிடப்பட்டவை, ஆனாலும் உலாவிகள் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்வதால் தவறு என்றே தெரியாது.

ஜாவாஸ்கிரிப்ட் அப்படியல்ல, பிழை இருந்தால் சத்தமில்லாமல் நின்றுவிடும். பெரும்பாலான உலாவிகளில் எஃப்12 விசையை அழுத்தினால் திறக்கும் கருவிகளில், செய்திகளைக் காட்டும் கன்சோல் பகுதியில் பிழையும் வரி எண்ணும் சிவப்பில் தெரியும். இதைக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். முதல் பாடத்திலேயே வந்திருக்க வேண்டியது.