முச்சதத்துக்குப் பிறகு கருண் நாயருக்கு ஒரு வாய்ப்புகூட இல்லையா?

கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. "சேப்பாக்கத்தில் 303 அடித்தவனை மறுநாளே தூக்கி எறிந்தார்கள், அப்புறம் ஒரு மேட்ச்கூடத் தரவில்லை" என்கிறது அது. பாதிதான் சரி.

2016 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக இந்திய பேட்ஸ்மேன் கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 எடுத்தது உண்மை. அடுத்த டெஸ்டில், 2017 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் வங்கதேசத்துக்கு எதிராக, அவர் இல்லை என்பதும் உண்மை. காயத்திலிருந்து ரஹானே திரும்பியதால் ரஹானேவின் பழைய இடம் அவருக்கே போனது.

ஆனால் அதே ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பெங்களூரு, ராஞ்சி, தர்மசாலா என மூன்று டெஸ்டுகள் ஆடினார். 26, 0, 23, 5. நான்கு இன்னிங்ஸில் 54 ரன். அதன் பிறகுதான் இடம் போனது.

கோபப்பட வேண்டுமென்றால் 2018க்குப் படலாம். இங்கிலாந்துத் தொடர் முழுக்க அணியோடு இருந்தார். கடைசி டெஸ்டில் இடம் காலியானபோது, தொடரின் நடுவில் அழைக்கப்பட்ட ஹனுமா விஹாரியை இறக்கினார்கள். இதைப் படம் போட்டவர் ஏனோ விட்டுவிட்டார்!

2017இல் கடைசியாக டெஸ்ட் ஆடி எட்டு ஆண்டு கழித்து, 2025இல் இங்கிலாந்தில் மறுபடி நான்கு டெஸ்டுகள் கிடைத்தன. எட்டு இன்னிங்ஸில் 205 ரன், ஓவலில் எடுத்த 57 மட்டுமே அரைசதம். அடுத்து வந்த வெஸ்ட் இண்டீஸ் தொடரில் பெயர் இல்லை.