சீனச் சரக்கு நிற்கவே இல்லை

“கல்வான் எல்லை மோதலுக்கு அப்புறம் சீனாவோடு வியாபாரத்தையே இந்தியா நிறுத்திவிட்டது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 2020 ஜூனில் தடையானவை டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள். சீன முதலீட்டுக்கு முன் அனுமதி வேண்டும் என்றதுகூட கல்வானுக்கு முன்பே, ஏப்ரலில் வந்த விதி.

சரக்கு நிற்கவில்லை. 2023-24இல் சீன இறக்குமதி 10,000 கோடி டாலரைத் தாண்டியது. நம்ம டவுன்ஹால் ரோட்டுக் கடையில் ஒரு சார்ஜர் வாங்கி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், தெரியும்.

2025 ஏப்ரலில் வாகன மோட்டார்களுக்குத் தேவையான அரிய மண் காந்தங்களுக்குச் சீனா ஏற்றுமதி உரிமக் கட்டுப்பாடு போட்டதும் நம் வாகன ஆலைகள் திண்டாடின. ஆகஸ்டில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி டெல்லி வந்தார், அக்டோபரில் இரு நாட்டுக்கும் இடையே நேரடி விமானம் திரும்பியது. இந்த நெருக்கத்துக்குக் காந்தம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன்; இந்தியப் பொருள்கள் மீது டிரம்ப் போட்ட 50% வரிக்கும் அதில் பங்குண்டு.